நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் நலிம்

டிசம்பர் 6

ஜைசான் ஏரியின் வடமேற்குக் கரைக்கும், அதன்மேல் வீசும் நான்கு காற்றுகளுக்கும், அதனடியில் நீந்தும் அத்தனை மீன்களுக்கும் ஏகபோக அதிபதியாகிய கப்தேன் மாமா, அல்மா-அத்தா நகரில் மூன்றாவது மாடியில் கொலுவிருக்கும் அருமை மருமகள் துர்சினுக்குப் பரிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை பாதிஷ், பசுக்கள் இரண்டு, நாய் ஒன்று, எல்லோரும் சௌக்கியம். நாய்க்கு மட்டும் கொஞ்சம் மனவருத்தம். அது படுத்துக்கொள்ளும் பழைய ஆட்டுத்தோல் கோட்டை மீன்பிடிக்கப் போவதற்காக நான் உருவிக்கொண்டுவிட்டேன்.

உன் கடிதத்தைத் தபால்கார சபீரா ஓட்டமாக ஓடிவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகரவில்லை. நல்ல செய்தி கொண்டுவந்தவளுக்குப் பரிசு தர வேண்டும் அல்லவா. "உறை ஒட்டித்தானே இருக்கு, நல்ல சேதின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரம்மா போன வாரமே கடையில சொல்லிட்டாங்க" என்றாள். ஒரு ஜோடி கம்பளிக் கையுறையோடு போனாள். என் கையுறை.

போன வருஷத்தைப் பற்றி நீ எழுதவில்லை. நானும் எழுதப்போவதில்லை. உனக்கு முன் பிறந்த இரண்டும் நிற்காததால்தான் உனக்கு 'நிற்கட்டும்' என்று பொருள்பட துர்சின் என்று பெயர் வைத்தார்கள். நீ நின்றாய், இருபத்தாறு வருஷமாக நிற்கிறாய். அந்தப் பெயரில் பலன் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரொட்டி வாடை ஆகவில்லை, இறைச்சி வாடை ஆகவில்லை, தௌலெத் மாப்பிள்ளையின் சட்டை வாடைகூட ஆகவில்லை, நம் ஏரி நலிம் மீன் சூப் ஒன்றுதான் கண்ணிலேயே நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்கு ஜொள்ளு நிற்காது என்பது நம் பக்கத்தில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். நீயே மூன்று வயது வரை ஊற்று மாதிரி ஒழுகியவள். அது வேறு கதை. அதை இப்போது கிளற வேண்டாம்.

தாய்மாமன் இருக்கும்போது நீ ஏன் கெஞ்சுகிறாய்? மருமக்கள் மூன்று முறை எதைக் கேட்டாலும் மாமன் மறுக்கக் கூடாது என்பது முன்னோர் சட்டம். ஆறு வயதில் என் செம்பட்டைக் குதிரைக்குட்டியைக் கேட்டாய். கொடுத்தேன். கல்யாணத்தில் என் தலையிலிருந்த நரித்தோல் தொப்பியைக் கேட்டு மாப்பிள்ளை தலையில் வைத்தாய். காதில் பனிக்கடி வாங்கிக்கொண்டு வெறுந்தலையோடு வீடு திரும்பினேன். மூன்றாவது இன்னும் பாக்கி இருக்கிறது. இந்த மீனை அதில் சேர்க்காதே. மசக்கைக்குக் கேட்பது தனி. மூன்றாவதை என் வீடு, என் பசு என்று பெரிதாக எதற்காவது வைத்துக்கொள்.

உன் அம்மா, என் அக்கா காதிஷா, உன்னைச் சுமந்திருந்தபோதும் இதே நலிமைத்தான் கேட்டாள். எனக்கு அப்போது இருபது வயது. அன்று நான் பிடித்த நலிமைப் பற்றி உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், நூற்றொன்றாவது தடவையும் கேள். துளைக்குள் தலை நுழையாததால் பனிப்பாளத்தை வாசற்கதவு அளவுக்கு அறுத்தோம். இரண்டு குதிரைகளைப் பூட்டி இழுத்தோம். ஒரு குதிரை நடுவில் அழுதுவிட்டது. தாடையில் தொங்கிய ஒற்றை மீசையை அறுத்துச் சாட்டையாக வைத்துக்கொண்டேன். அதன் ஈரலைப் போட்டு வைத்த சூப்பை அக்கா இரண்டு கிண்ணம் குடித்தாள்.

இந்த வருஷத்து நலிம் அதன் பேரனாக இருக்கும். குடும்பத்தோடு எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். குளிர்காலம் இன்னும் வந்து சேரவில்லை. நான் வானிலை நிலையத்தில் மூன்று மணிக்கு ஒரு தடவை வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறவன். ஐந்து நாளுக்கு ஒரு தடவை ஏரியில் கொடி நட்ட இடத்தில் துளையிட்டுப் பனிப்பாளத்தின் கனத்தையும் அளக்கிறேன். என்னிடம் ஊறுகிற உண்மை முழுவதையும் அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. ஊருக்கும் வீட்டுக்கும் மிஞ்சியதைத்தான் கொடுக்க முடிகிறது. நேற்று அளந்தது ஏழு சென்டிமீட்டர். மற்ற வருஷங்களில் இந்த நேரத்தில் லாரி ஓடும். போதாததற்கு, பாளம் தடிக்கும் முன்னாலேயே பனி கொட்டிவிட்டது. மேலே பனி கிடந்தால் ஏரிக்குப் போர்வை போட்ட மாதிரி. கீழே உறையவே உறையாது.

பக்கத்து வீட்டு யெஃபீம் கிழவர், உனக்குத் தெரியும், தாடியில் பாதி மீன் செதில், நேற்று வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "கப்தேன், நலிமுக்குத் தண்ணி பல்லு கூசணும். இப்ப கஞ்சி மாதிரி இருக்கு. பத்து நாள் பொறு. உன் வாயை வேணா ஏரி மேல வச்சு ஊது, அதுலயாவது உறையுதா பாப்போம்."

பத்து நாளில் மீன் வரும். ஜங்கிஸ்-தோபே ஸ்டேஷனில், பயணிகளைக் கவனிக்கும் ரயில்பெட்டிக்காரியிடம் கொடுத்து அனுப்புவேன். அல்மா-அத்தா ரயில் நிலையத்தின் கதவை அகலப்படுத்தச் சொல்லி வை.

நீ படுக்கையை விட்டு எழாதே. டாக்டர் சொன்னபடி கேள். கால்மேல் கால் போட்டு, ராணி மாதிரி இரு.

இப்படிக்கு,
நீருக்கும் நிலத்துக்கும் அதிபதி,
கப்தேன் மாமா

*

ஜனவரி 3

மேற்படி ஏரியின் மேற்படி அதிபதி, சற்றே நனைந்த நிலையில், தன் மருமகள் துர்சினுக்கும் அவள் வயிற்றிலிருக்கும் பெயரிடப்படாத மகாராஜாவுக்கோ மகாராணிக்கோ புத்தாண்டு வாழ்த்துகளைச் சமர்ப்பிக்கிறான்.

பெரியவர்கள் சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. அதற்கு நம் விலாசம் தெரியவில்லை போலிருக்கிறது. புத்தாண்டுக்கு முந்தின நாள் மழை பெய்தது. மழை, துர்சின். டிசம்பரில், ஜைசானில். பதிவேட்டில் எழுதும்போது என் பேனாவே கூச்சப்பட்டது. மாவட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "குடிச்சிட்டு எழுதினீங்களா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க, ஏரிதான் குடிச்சிருக்கு, தள்ளாடுது" என்றேன். வைத்துவிட்டார்கள்.

நீ எனக்காகவோ மீனுக்காகவோ கவலைப்படக் கூடாது என்பதற்காக நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பனியின் பாரத்தில் பாளம் கீழே அமுங்கி, வெடிப்பு வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, பனிக்கும் பாளத்துக்கும் நடுவே முழங்கால் ஆழத்துக்குக் கூழ் நிற்கிறது. மேலே பார்த்தால் வெள்ளை விரிப்பு. காலை வைத்தால் மாவுச்சட்டி. இருந்தும் உன் மாமன் சும்மா இருப்பானா? ஏழு தடவை போனேன். கையளவு பெர்ச் மீன்கள் கிடைத்தன. அவற்றுக்கே என்னைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

எட்டாவது தடவை ஏரியே வாயைத் திறந்து என்னை உள்ளே அழைத்தது. மரியாதைக்காகப் போனேன். அடித்தளம் வரை இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவினேன். கூழாங்கல் மேட்டில் ஒவ்வொரு கல்லுக்கடியிலும் ஒரு நலிம் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் பெரியது, நான் முன்பு இரண்டு குதிரை கட்டி இழுத்ததின் பேரன், மீசையை ஒதுக்கிவிட்டு ஒரு கண்ணைத் திறந்தது. "யாருப்பா அது, கதவைச் சாத்து, வெக்கை உள்ள வருது. இந்தப் புழுக்கத்துல யாருக்குச் சாப்பாடு இறங்கும்? குளிர் வந்ததும் வா, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. நியாயமான பேச்சு. "என் மருமக வாயும் வயிறுமா இருக்கா" என்றேன். "வாழ்த்துச் சொன்னேன்னு சொல்லு" என்றது. சொல்லிவிட்டேன்.

வெளியே வந்து சட்டையைப் பிழிந்தேன். அதிலிருந்து ஒரு கெண்டையும், முப்பது வருஷத்துக்கு முன் தொலைந்த என் பேனாக்கத்தியும் விழுந்தன.

உன் அத்தைக்கு ஒரு யோசனை. வலையில் ஷோர்தான் மூன்று கிடந்தது, நீளமூஞ்சியும் அரமாட்டம் பல்லும் உள்ள அந்த மீனைத்தான் சொல்கிறேன். "தலைய வெட்டி, சுரண்டி, துண்டு போட்டு அனுப்பிருங்க. அல்மா-அத்தாவுல யாருக்கு வித்தியாசம் தெரியப்போவுது?" என்றாள். நான் காது கேட்காதவன் போல மூன்று கிண்ணம் தேநீர் குடித்தேன். ஏன் என்று பிறகொரு நாள் சொல்வேன். சொல்லாமலும் போவேன்.

பிடித்தாலும் இந்த வெப்பத்தில் மீனை அனுப்ப முடியாது. ரயிலேறி இரண்டாம் நாள், பெட்டியிலிருந்து அது தானே இறங்கி உன் வீட்டுக்கு விலாசம் கேட்டு நடந்துவரும்.

குளிர் வரும். வராமல் எங்கே போகும்? எதிலும் அவசரம் வேண்டாம். குறிப்பாக நீ.

இப்படிக்கு,
ஏரியின் அடியையும் கண்டுவந்த
கப்தேன் மாமா

துர்சின் கண்ணு, அத்தை எழுதுகிறேன். இவர் உறையை ஒட்டப் பசை தேடுகிறார், அதற்குள் எழுதுகிறேன். இடுப்பு வரை உள்ளே போனார். யெஃபீம் குப்புறப் படுத்துக் கயிறு வீசி இழுத்தார். மூன்று நாள் காய்ச்சல், இப்போது இருமல் மட்டும். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். சொல்லாமல் இருந்தால் எனக்குத்தான் தூக்கம் வராது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

*

ஜனவரி 27

அன்புள்ள துர்சினுக்கு,

உன் ஜனவரி 14ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம்.

இந்தத் தடவை பட்டங்கள் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன், ஒன்றும் தேறவில்லை. ஏரி எனக்குச் சொந்தமில்லை. காற்று நான்கு என்று எழுதியிருந்தேன், பதிவேட்டில் எட்டுத் திசை இருக்கிறது.

உன் கடிதத்தை உன் அத்தையிடம் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் கடிதத்தை அவளிடம் நீட்டிவிட்டேன். மீதியை அவள் வாங்கிப் படித்தாள். நீ எழுதியது இது: "மாமா, நாள் பூரா படுத்துக்கிட்டு மேல சுண்ணாம்பு விரிசலப் பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்க ஏரிக்கு அடியில உலாவுறீங்க. அத்தை இடுப்பு வரைக்கும்னு எழுதுறாங்க. சிரிச்சுக்கிட்டே படிச்சுட்டு, கடைசி நாலு வரியில அழுதேன். நான் எதை நம்பித் தூங்குறது? எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கின்னீங்களே, அது இதுதான். பிள்ளை பொறக்குற வரைக்கும் என்கிட்ட உண்மை மட்டும் சொல்லணும். மீன் கிடைக்கலேன்னா கிடைக்கலேன்னு சொல்லுங்க. தாங்கிக்குவேன். எனக்குத் தெரியாதது இருக்குன்னு தெரிஞ்சாத்தான் தாங்க முடியல."

அத்தை கடிதத்தை மடித்து என் முன்னால் வைத்தாள். "குதிரைக்குட்டி குடுத்தீங்க, தொப்பி குடுத்தீங்க. இப்பத்தான் உங்க சொத்தையே கேட்டிருக்கா" என்றாள்.

முன்னோர் சட்டம், மறுக்க முடியாது. கொடுத்தேன், துர்சின். இரண்டு பசுவையும் கேட்டிருக்கலாம், மறுநாளே லாரியில் ஏற்றியிருப்பேன்.

சட்டப்படி இது உனக்கு எழுதும் கடிதத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஆனால் நான் ஊரில் ஒரு பொய்யைச் சொல்லி, அது யார் வாய் வழியாகவோ ரயிலேறி அல்மா-அத்தா வந்து சேர்ந்துவிட்டால்? மற்ற விஷயம் என்றால் துணிவேன். இதில் துணிய மாட்டேன். ஆகவே ஒரு வாரமாக யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஊரில் என் உடம்பைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

முதலில் பாக்கிகளைத் தீர்க்கிறேன்.

டிசம்பர் 29 அன்று இடுப்பு வரை தண்ணீரில் விழுந்தேன். அடித்தளத்தைப் பார்க்கவில்லை. எந்த மீனும் பேசவில்லை. பேனாக்கத்தி இன்னும் தொலைந்துதான் இருக்கிறது. தப்பு என்னுடையது. கொடி நட்ட இடத்தில் அளந்தபோது பதினான்கு சென்டிமீட்டர் இருந்தது. ஓர் ஆளைத் தாங்க அது போதும். அங்கிருந்து அறுபது அடி தள்ளி நடந்தேன். அங்கே பழைய வெடிப்பின்மேல் பனி மூடியிருந்தது, பாளம் நான்கு விரல்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அளக்கிறவன், ஒரு துளை சொன்னதை ஏரி முழுக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். யெஃபீம் இழுத்துப் போட்டதும் சொன்ன முதல் வார்த்தை, "அரசாங்கத்துக்கு எழுது, இங்க கனம் பூஜ்யம்னு." காய்ச்சல் மூன்று நாள். இருமல் பதினோராம் தேதியோடு போய்விட்டது. நெஞ்சில் சளி இல்லை என்று மருத்துவமனைப் பெண் காது வைத்துக் கேட்டுச் சொன்னாள். பயந்தேனா என்று நீ கேட்கவில்லை. பயந்தேன்.

இனி குளிரைப் பற்றி. பத்தாம் தேதி வடகிழக்கிலிருந்து காற்று புறப்பட்டு, ஏரிமேல் கிடந்த பனியை இரண்டு நாளில் பெருக்கித் தள்ளிவிட்டது. போர்வை போனது. பன்னிரண்டாம் தேதி காலை மைனஸ் இருபத்தாறு. பத்தொன்பதாம் தேதி மைனஸ் முப்பத்து நான்கு. கூழெல்லாம் கல்லானது. பாளம் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டருக்குமேல் தடித்தது. இரவெல்லாம் ஏரி துப்பாக்கி வெடிப்பது போலச் சத்தமிட்டது. இருபத்து மூன்றாம் தேதி நான் ஓர் இடத்தில் அல்ல, ஒன்பது இடத்தில் துளையிட்டு அளந்தேன். மிகக் குறைந்தது இருபத்தெட்டு. மிக அதிகம் முப்பத்து மூன்று. ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி உன் அத்தையிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் தூண்டிலைத் தொட்டேன். அந்தத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். தலையணைக்கடியில் வைத்துக்கொள்.

அன்று மதியம் காற்றழுத்தம் இறங்கத் தொடங்கியது. மறுநாள் பனிப்புயல் வரும் என்று அதற்கு அர்த்தம். மற்ற மீன்கள் வாயை மூடிக்கொள்ளும் நேரம் அது. யெஃபீம் வேலியருகே வந்து வானத்தைப் பார்த்தார். "எல்லா மீனுக்கும் வெயில் வந்தாத்தான் பசிக்கும். நலிம் மட்டும் என் மாமியா மாதிரி. வானம் இருண்டாத்தான் அதுக்கு முகம் மலரும். கெளம்பு" என்றார்.

ஓடை வந்து ஏரியில் விழும் கூழாங்கல் மேட்டுக்குப் போனோம். ஆளுக்குப் பத்துத் துளை. கனமான ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி, அடியில் கல்மேல் தட்டிக்கொண்டே இருந்தோம். அந்தச் சத்தம் கேட்டால் நலிம் என்ன ஏது என்று பார்க்க வரும். அவ்வளவு விவஸ்தை கெட்ட மீன் அது. என்னைப் போல. பிறகு செத்த குட்டிமீனை முள்ளில் கோத்து அடியில் கிடத்தி, துளைகளை வைக்கோலும் பனியும் போட்டு மூடிவிட்டு, ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். என் இடுப்பில் கயிறு கட்டியிருந்தேன். மறுமுனை யெஃபீம் இடுப்பில். உன் அத்தையின் உத்தரவு. ஊரில் பார்த்தவர்கள், கடைசியில் இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொண்டீர்களா என்று கேட்டார்கள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். என் பத்தில் ஆறு தொடப்படவில்லை. மூன்றில் இரையைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. பத்தாவதில் தூண்டில் நரம்பு பக்கவாட்டில் இழுபட்டுக் கிடந்தது. கையில் எடுத்தேன், கனம் தெரிந்தது. எவ்வளவு கனம் என்று எழுத என் கை துடிக்கிறது. கட்டுப்படுத்திக்கொள்கிறேன்.

நலிம். நீளம் நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். எடை ஐந்நூற்று எண்பது கிராம். தபால் நிலையத் தராசில் சபீரா நிறுத்தாள்.

மற்ற வருஷமாக இருந்தால் இதை வெளியே சொல்லியிருக்கவே மாட்டேன். ரொட்டிக் கடை வரிசையில் நின்றபோது ஒருவர், "கப்தேன், நலிம் கிடைச்சுதாமே, எவ்வளவு?" என்று கேட்டார். "நாப்பத்து மூணு சென்டிமீட்டர்" என்றேன். வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. பிறகு ஒருத்தி கணக்குப் போட்டாள்: "இவர் சொல்றத வழக்கமா பத்தால வகுக்கணும். அப்ப நாலு சென்டிமீட்டரா? அது மீனா, முட்டையா?" இன்னொருவர் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டார்: "உண்மையைச் சொல்லு, அவ்வளவு பெருசா? எங்க ஒளிச்சு வச்சிருக்க?" உண்மையைச் சொல்வது எவ்வளவு வீணான வேலை என்று நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன்.

யெஃபீமுக்கு ஐந்து கிடைத்தன. அவற்றில் இரண்டு என்னுடையதைவிடப் பெரியவை. அவர் பெரியதை எடுத்து, "மருமவளுக்கு" என்று நீட்டினார். "வேணாம், நான் பிடிச்சதையே அனுப்பிக்கிறேன்" என்று ரோஷமாகச் சொன்னேன். பத்தடி நடந்த பிறகு திரும்பிப்போய் வாங்கிக்கொண்டேன். ஒரே மீனில் ஈரல் உள்ளங்கையளவுகூடத் தேறாது.

இப்போது நான் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடக்கூடிய ஒன்று இருக்கிறது. நீ அதைக் கேட்கவில்லை. ஆனால் உண்மை மட்டும் என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இரண்டு குதிரை கட்டி இழுத்த நலிம் என்று ஒன்று இருக்கவில்லை.

நீ வயிற்றில் இருந்த அந்தக் குளிர்காலமும் இதே போலத்தான். பாளம் தடிக்கவில்லை, கூழ் நின்றது. அக்கா காதிஷா ஒரு வாய் கஞ்சி தங்காமல் சுருண்டு கிடந்தாள். முந்தைய இரண்டும் போன பிறகு வந்தவள் நீ. நலிம் நலிம் என்று புலம்பினாள். நான் பன்னிரண்டு நாள் போனேன், கிடைக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் ஒரு ஷோர்தானைத் தலை வெட்டி, அவசர அவசரமாகச் சுரண்டி, துண்டு போட்டு, நலிம் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் குடிக்கும்போது முகத்தைப் பார்த்துவிடப் போகிறாளே என்று பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குதிரைக் கதையைச் சொன்னேன். அங்கேயே கட்டியது. இரண்டு கிண்ணம் குடித்தாள். வயிற்றில் தங்கியது. நீ பிறந்து மூன்று வருஷம் ஜொள்ளு ஒழுக்கினாய். பால்தான் காரணம், தண்ணீர்தான் காரணம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் மட்டும் உனக்குக் கழுத்துத் துணி வாங்கி வாங்கிக் கொடுத்தேன். மாமனுக்கு எவ்வளவு பாசம் என்றார்கள்.

அக்கா கண்ணை மூடுவதற்கு முந்தின இலையுதிர்காலத்தில், நானும் அவளும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எந்தத் தொடர்பும் இல்லாமல் கேட்டாள்: "ஏண்டா கப்தேன், நலிமுக்குச் செதில் எங்கிருந்துடா வந்துச்சு?"

நலிமுக்குக் கண்ணுக்குத் தெரிகிற செதில் கிடையாது, உனக்குத் தெரியும். அவள் கிண்ணத்தின் அடியில் ஒன்று கிடந்திருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவு. அன்றைக்கே பார்த்துவிட்டு, நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, இரண்டாவது கிண்ணம் கேட்டிருக்கிறாள். இருபது வருஷம் சொல்லவில்லை. "அப்பவே ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன். "குதிரை அழுதுச்சுன்னியே, அதுல சிரிச்சுட்டேன். அந்த மாசம் முதல் தடவையா சிரிச்சேன். அப்புறம் எந்த மீனா இருந்தா என்ன?" என்றாள்.

அவள் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

ஆகவே இந்தத் தடவை மீனைத் தலையோடும் தோலோடும் அனுப்புகிறேன். தாடையில் ஒற்றை மீசை இருக்கிறதா என்று தொட்டுப் பார். விரலால் தடவிப் பார், செதில் தட்டாது. நேற்றும் இன்றும் மைனஸ் முப்பத்தொன்று. இரண்டும் விறகுக்கட்டை மாதிரி உறைந்திருக்கின்றன, தட்டினால் சத்தம் வருகிறது. வழி நெடுகக் குளிர் இருக்கிறது, கெடாது. ரயில்பெட்டிக்காரி கதவுப் பக்கத்துக் குளிரில் தொங்கவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். தௌலெத் மாப்பிள்ளையைக் காலையில் நேரத்தோடு ஸ்டேஷனுக்குப் போகச் சொல். மூக்கைப் பொத்திக்கொண்டாவது வாங்கிக்கொள்ளட்டும். வெங்காயம், மிளகு, இரண்டு உருளைக்கிழங்கு போதும். ஈரலைக் கடைசியில் போட வேண்டும். இது உன் அத்தை சொன்னது.

பையில் இரண்டு மீன் இருக்கும். வாலில் சிவப்பு நூல் கட்டியிருப்பது யெஃபீமுடையது. பெரியது அது. நூல் இல்லாதது என்னுடையது.

எழுத வேறு விஷயம் இல்லை. உண்மை மட்டும் எழுதினால் கடிதம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இதுவும் உண்மை. அந்த நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் எனக்குள்ளே சும்மா இருக்கவில்லை. நேற்று ஒரு மீட்டர் ஆகிவிட்டது. இன்று காலை பால் கறக்கும்போது அதற்கு இரண்டாவது மீசை முளைத்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு பசுவைப் பார்த்தேன். ஜூன் மாதத்துக்குள் அது என்ன அளவு ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளை பிறந்தது என்று உன் தந்தி வரும் அன்று, சபீராவுக்குப் பரிசாக ஒரு கம்பளிச் சால்வை எடுத்து வைத்திருக்கிறேன். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று, ஊர் மொத்தத்தையும் கூப்பிட்டு, அந்த நலிமை வெளியே விடுவேன். மூன்று குதிரை. அதிலும் ஒன்று அழும். உன் அம்மாவுக்கும் கேட்கும்படி சொல்வேன்.

அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். எனக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் இருக்கிறது, ஆனால் தாங்கிக்கொள்கிறேன். கடவுள் உன் பெயரைக் காப்பாற்றட்டும். அங்கே உள்ளே இருப்பவரிடம் மாமன் சொன்னதாகச் சொல்: எல்லா மாதமும் நிறையட்டும், ஜூன் வரட்டும், எனக்கு அவசரமே இல்லை. ஒரு நாள்கூட முன்னதாக வேண்டாம்.

உண்மையுள்ள,
கப்தேன் மாமா